பேரிங் பழுதும் புறவயமான தீர்ப்பும்: தானியங்கிச் சோதனைகள் குறித்து ஓர் ஆய்வு

மின்விசிறி முதல் காற்றாலை வரை, சுழலும் இயந்திரம் எதைப் பிரித்தாலும் உள்ளே ஓர் உருள் பேரிங் இருக்கும். ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இடையில் குண்டுகள் அல்லது உருளைகள், அவற்றை ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துவைக்கும் கூண்டு. இவ்வளவுதான் அதன் உடல். இயந்திரத்தின் மொத்த விலையில் அதன் பங்கு மிகச் சொற்பம். ஆனால் அது இறுகினால் மோட்டார் எரியும், தண்டு முறியும், ஆலை நிற்கும். ரயிலிலோ ஹெலிகாப்டரிலோ இருக்கும் பேரிங் என்றால் உயிர்களே போகும்.

இந்தப் பேரிங் நன்றாக இருக்கிறதா, போகப் போகிறதா என்று சொல்வது நெடுங்காலம் அனுபவசாலிகளின் வேலையாக இருந்தது. நீளமான திருப்புளியின் முனையைப் பேரிங்கைத் தாங்கும் ஹவுசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டுவிட்டு, சத்தம் சரியில்லை என்று சொல்லும் ஃபிட்டர்களை நம் ஊர் நூற்பாலைகளிலும் மோட்டார் பட்டறைகளிலும் இன்றும் பார்க்கலாம். தேர்ந்த காதுள்ளவர் சொன்னால் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. அவர் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. ஆயிரம் மோட்டார்கள் ஓடும் ஆலையில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்படி ஒருவரை நிறுத்தவும் முடியாது.

எனவேதான் யார் சோதித்தாலும் ஒரே விடை தரும், மனிதர் அருகில் இல்லாமலே நடக்கும் சோதனையைப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிவருகிறார்கள். அந்தத் தேடலில் எது கைகூடியது, எது இன்னும் கைகூடவில்லை என்று தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தொகுத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. தானியங்கிச் சோதனை வேறு, புறவயமான சோதனை வேறு. கருவி தானாக ஓடுவதால் மட்டும் அதன் தீர்ப்பு புறவயமாகிவிடாது. அந்தத் தீர்ப்பைக் கழற்றிய பேரிங்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தால்தான் அது புறவயமாகும்.

ஆயுள் ஏன் கணக்கில் அடங்குவதில்லை

ஒவ்வொரு பேரிங்கின் ஆயுளையும் கணக்கிட்டு, அது முடியும் தறுவாயில் மாற்றிவிட முடிந்தால் சோதனைக்கே அவசியமில்லை. ஆனால் பேரிங்கின் ஆயுள் அப்படிக் கணக்குக்குள் அடங்குவதில்லை. குஸ்டாஃப் லுண்ட்பெர்கும் அர்விட் பால்ம்கிரெனும் 1947-இல் வெளியிட்ட ஆயுள் கோட்பாடுதான் இன்றைய ஐ.எஸ்.ஓ. 281 தரத்துக்கு அடித்தளம். அட்டவணைகளில் காணும் எல்-10 என்ற ஆயுள், ஒரே வகைப் பேரிங்குகள் பலவற்றை ஒரே சுமையில் ஓட்டினால் 90 விழுக்காடு தாண்டிவிடும் ஆயுள். மீதி 10 விழுக்காடு அதற்கு முன்பே களைத்துப் போகும். பாதிப் பேரிங்குகள் பழுதாவதற்கு ஆகும் காலமோ எல்-10 போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஒரே உலையில் வார்த்த எஃகு, ஒரே எந்திரத்தில் அரைத்த வளையம் என்றாலும் ஆயுளில் இவ்வளவு பரவல் உண்டு. உலோகத்துக்குள் நுண்ணிய கசடு எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் களைப்பு விரிசல் முளைக்கிறது. எல்-10 கணக்கை வைத்து எல்லாவற்றையும் மாற்றினால் நல்ல பேரிங்குகளைத்தான் பெருமளவில் தூக்கி எறிவோம். மாற்றாமல் விட்டாலோ முந்திப் போகும் சில பேரிங்குகள் இயந்திரத்தையே கெடுத்துவிடும்.

போதாக்குறைக்கு, பேரிங்கைக் கொல்வது உலோகக் களைப்பு ஒன்றுதான் என்றில்லை. ஐ.எஸ்.ஓ. 15243 தரம் சேதங்களை ஆறு பெரும் பிரிவுகளாக வகுக்கிறது: உருள் தொடர்பால் வரும் களைப்பு, தேய்மானம், துரு, மின்னோட்டத்தால் அரிப்பு, நிரந்தர உருமாற்றம், விரிசலும் முறிவும். கிரீஸ் வற்றியது, தூசி புகுந்தது, பொருத்தும்போது சுத்தியலால் தவறான வளையத்தில் அடித்தது என ஒவ்வொரு காரணமும் வேறொரு வடிவில் வெளிப்படுகிறது. ஒரே சோதனை இவை அனைத்தையும் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்

புறவயமான சோதனை மிகத் தெளிவாக நிலைபெற்ற இடம், புதிய பேரிங் தயாராகும் தொழிற்சாலை. கையில் சுழற்றிப் பார்த்தும் காதால் கேட்டும் தரம் பிரித்த வழக்கத்தை, அதிர்வை அளக்கும் ஆண்டரோமீட்டர் போன்ற கருவிகள் மாற்றின. குறிப்பாக ஓசையில்லாத பேரிங் கடற்படைக்குப் பெருந்தேவை. நீர்மூழ்கிக் கப்பலின் மோட்டார் முனகினால் எதிரியின் ஒலியுணரி அதைப் பிடித்துவிடும்.

இன்றைய நடைமுறையை ஐ.எஸ்.ஓ. 15242 தரம் வரையறுக்கிறது. குண்டுப் பேரிங் என்றால் உள்வளையத்தைத் துல்லியமான சுழல்தண்டில் ஏற்றி நிமிடத்துக்கு 1800 சுற்று வேகத்தில் சுழற்றுகிறார்கள். வெளிவளையம் சுழலாமல் நிற்கும். அச்சுத் திசையில் குறிப்பிட்ட சுமை அதை அழுத்தும். வெளிவளையத்தைத் தொட்டிருக்கும் உணரி, அதிர்வின் திசைவேகத்தை நொடிக்கு மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கிறது. அளவீடு மூன்று பட்டைகளாகப் பிரிகிறது: 50 முதல் 300 ஹெர்ட்ஸ், 300 முதல் 1800 ஹெர்ட்ஸ், 1800 முதல் 10,000 ஹெர்ட்ஸ். குண்டுகள் உருளும் ஓடுதடம் வட்டத்திலிருந்து விலகியிருந்தால் கீழ்ப் பட்டையில் தெரியும். தடத்தின் நெருக்கமான அலைவுகளும் கரடுமுரடும் மேல் பட்டைகளில் தெரியும். ஒரு கீறலோ தூசித் துகளோ இருந்தால் சராசரி மதிப்பு அவ்வளவாக உயராது, ஆனால் உச்ச மதிப்பு துள்ளும். அதனால் உச்சத்தையும் தனியே பார்க்கிறார்கள்.

இந்தச் சோதனை ஏன் நம்பத்தக்கது என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம், சுமை, உணரி நிற்கும் இடம், பட்டைகளின் எல்லை எல்லாமே முன்கூட்டியே எழுதப்பட்டவை. ஒரு நாட்டில் அளந்ததை இன்னொரு நாட்டில் திரும்ப அளக்கலாம். பேரிங் ஒரு மோட்டாருக்குள்ளோ பம்புக்குள்ளோ போய் உட்கார்ந்த மறுகணமே இந்த வசதிகள் அனைத்தும் பறிபோகின்றன. வேகம் மாறுகிறது, சுமை மாறுகிறது, பக்கத்துப் பற்சக்கரம் இரைகிறது, உணரியை வைக்க முடிந்த இடமோ பேரிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. எஞ்சிய சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பழுதுக்கு ஒரு தாளம் உண்டு

வேலைசெய்யும் பேரிங்கைப் பற்றி நமக்குக் கிடைத்த பெரிய பற்றுக்கோடு வடிவியல். வெளிவளையத்தின் ஓடுதடத்தில் ஓரிடத்தில் உலோகம் செதிலாகப் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குண்டும் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது ஒரு தட்டு விழும். நொடிக்கு எத்தனை தட்டு என்பதைக் குண்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் விட்டம், அவை சுற்றும் வட்டத்தின் விட்டம், தொடுகோணம், தண்டின் வேகம் ஆகிய ஐந்தையும் கொண்டு கணக்கிட்டுவிடலாம்.

6205 என்ற குண்டுப் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். சிறிய மோட்டார்களில் பரவலாகக் காணப்படுவது. பேரிங் பழுதாய்வில் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்றும் இதுவே. அந்த ஆய்வுகளில் பயன்பட்ட வடிவில் குண்டுகள் 9. தண்டு ஒருமுறை சுற்றினால் வெளிவளையப் பள்ளத்தில் 3.585 தட்டுகளும் உள்வளையப் பள்ளத்தில் 5.415 தட்டுகளும் விழும். கூண்டு 0.398 சுற்று மட்டுமே நகரும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுவதாகக் கொண்டால், தண்டின் வேகம் நொடிக்கு 24 சுற்று. அப்போது வெளிவளையப் பழுதின் தாளம் 86 ஹெர்ட்ஸ், உள்வளையப் பழுதின் தாளம் 130 ஹெர்ட்ஸ். இரண்டையும் கூட்டினால் 216. அதாவது ஒன்பது குண்டுகள் பெருக்கல் 24. கணக்கு சரிதானா என்று பார்க்க இது எளிய வழி. அட்டவணை கையில் இல்லாதவர்கள் குண்டுகளின் எண்ணிக்கையைத் தண்டு வேகத்தால் பெருக்கி, அதில் 40 விழுக்காட்டை வெளிவளையத்துக்கும் 60 விழுக்காட்டை உள்வளையத்துக்கும் தோராயமாக ஒதுக்குவார்கள்.

இந்த எண்கள் தண்டு வேகத்தின் முழு மடங்குகளாக இல்லாதது பெரும் வசதி. சமநிலைக் கோளாறு, அச்சு விலகல், பற்சக்கரக் கோளாறு ஆகியவை முழு மடங்குகளில் ஒலிக்கும். 3.585 மடங்கில் ஒலிப்பது பெரும்பாலும் பேரிங்காகத்தான் இருக்கும். ஆனால் குண்டுகள் உருள்வதோடு சற்றே சறுக்கவும் செய்வதால், உண்மைத் தாளம் கணக்கிலிருந்து ஓரிரு விழுக்காடு விலகும். தானியங்கி நிரல் ஒரே புள்ளியில் மட்டும் தேடினால் பழுதைக் கோட்டை விட்டுவிடும். அந்தச் சிறு இடைவெளிக்கும் இடம் கொடுத்துத் தேட வேண்டும்.

ஒற்றை எண்ணின் வசதியும் வஞ்சனையும்

தொடக்ககாலச் சோதனைகள் பேரிங்கின் நலத்தை ஒரே எண்ணாகச் சுருக்க முயன்றன. அதிர்வின் சராசரி வலிமையைக் காட்டும் ஆர்.எம்.எஸ். அவற்றுள் மூத்தது. அளக்க எளியது. ஆனால் பேரிங்கில் விழும் மெல்லிய தட்டுகள் இயந்திரத்தின் பொது அதிர்வுக்குள் மூழ்கிவிடுவதால், பழுது முற்றிய பிறகே அந்த எண் உயரும்.

டயரும் ஸ்டூவர்ட்டும் 1978-இல் கர்ட்டோசிஸ் என்ற புள்ளியியல் அளவையை முன்வைத்தார்கள். நல்ல பேரிங்கின் அதிர்வு இயல்நிலைப் பரவலை ஒத்திருக்கும். அப்போது கர்ட்டோசிஸ் மதிப்பு 3. தட்டுகள் விழத் தொடங்கினால் பரவலின் ஓரங்கள் தடித்து மதிப்பு ஏறும். சுமையும் வேகமும் மாறினாலும் மதிப்பு அதிகம் அசையாது என்பது இதன் சிறப்பு. ஆனால் ஒரு பெரிய ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. பழுது ஓரிடத்தில் நிற்காமல் ஓடுதடம் முழுக்கப் பரவினால், தனித்தனித் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து தொடர் இரைச்சலாகிவிடும். கர்ட்டோசிஸ் மறுபடி 3-ஐ நோக்கி இறங்கும். இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பும் தானியங்கிக் கருவி, சாகக் கிடக்கும் பேரிங்குக்கு நலமாயிருக்கிறது என்று சான்று கொடுத்துவிடும். கர்ட்டோசிஸையும் ஆர்.எம்.எஸ்.ஸையும் சேர்த்தே, அதுவும் காலப்போக்கில் அவை ஏறி இறங்கும் விதத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

ஸ்வீடனில் 1960-களின் இறுதியில் உருவான அதிர்ச்சித் துடிப்பு முறை வேறு வழியில் போனது. அதன் உணரி சுமார் 32 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும்படி செய்யப்பட்டது. சமநிலைக் கோளாறு போன்ற தாழ்ந்த அதிர்வுகள் அதை எட்டா. உலோகத்தோடு உலோகம் மோதும் திடீர் அதிர்ச்சி மட்டும் எட்டும். இந்த முறையின் உண்மையான பங்களிப்பு அதன் அளவுகோலில் இருக்கிறது. தண்டின் விட்டத்தையும் வேகத்தையும் கொடுத்தால், அந்தப் பேரிங்குக்கு இயல்பான தொடக்க மதிப்பைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும். 20 டெசிபல் வரை பச்சை, 35-க்கு மேல் சிவப்பு, இடையில் மஞ்சள். வெவ்வேறு அளவும் வேகமும் கொண்ட பேரிங்குகளை ஒரே அளவுகோலில் நிறுத்திய முன்னோடி முயற்சி இது. கடைநிலைப் பணியாளரும் அளந்து சொல்லக்கூடிய சோதனையாக அது பரவியதற்குக் காரணமும் அதுவே.

என்வலப் முறை: இயற்பியல் கைகொடுத்த இடம்

86 ஹெர்ட்ஸில் தட்டு விழுகிறதென்றால், அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் அலைமாலையில் 86 ஹெர்ட்ஸில் ஒரு முகடு தெரிய வேண்டாமா? பெரும்பாலும் தெரியாது. ஒரு தட்டு நீடிப்பது நொடியில் மிகச் சிறு பங்கு. அதன் ஆற்றல் பெரிய அதிர்வெண் பரப்பில் சிதறிவிடும். கோயில் மணியை நாக்கு தொடுவது கணநேரம்தான் என்றாலும் மணி தன் சுருதியில் ஒலிப்பதுபோல, ஒவ்வொரு தட்டுக்கும் வளையமும் ஹவுசிங்கும் தமக்கே உரிய சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அதிர்ந்து அடங்குகின்றன. அடுத்த தட்டு விழ 11.6 மில்லிநொடி இருக்கிறது. அதற்குள் முந்தைய அதிர்வு பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

எனவே தேட வேண்டியது மேலேயுள்ள அந்த அதிர்வெண் பட்டையில். அந்தப் பட்டையை மட்டும் வடிகட்டி எடுத்து, அலையின் மேல்விளிம்பைத் தொட்டுச் செல்லும் உறையை வரைந்து, அந்த உறையின் அலைமாலையைக் கணித்தால் 86 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 172, 258 ஹெர்ட்ஸும் தெளிவாக எழுந்து நிற்கும். டார்லோ, பாட்க்லி, ஹாக் ஆகிய மூவரும் 1974-இல் ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் பேரிங்குகளுக்காக இம்முறையை விளக்கினார்கள். மெக்ஃபேடனும் ஸ்மித்தும் 1984-இல் இதற்குக் கணித மாதிரி கொடுத்தார்கள். என்வலப் முறை என்று இன்று ஆலைப் பொறியாளர்கள் பேச்சில் வழங்குவது இதுதான்.

அந்த மாதிரி பழுதின் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. வெளிவளையம் நிலையாக நிற்பதால் அங்குள்ள பள்ளத்தில் விழும் தட்டுகள் ஏறத்தாழ ஒரே வலிமையில் இருக்கும். உள்வளையம் தண்டோடு சுற்றுவதால் அதன் பள்ளம் சுமை விழும் பகுதிக்குள் வந்தும் போயும் இருக்கும். தட்டின் வலிமை தண்டின் வேகத்தில் ஏறி இறங்கும். ஆகவே 130 ஹெர்ட்ஸ் முகட்டின் இருபுறமும் 24 ஹெர்ட்ஸ் தள்ளி, 106-லும் 154-லும் துணை முகடுகள் எழும். குண்டிலேயே பழுது என்றால் துணை முகடுகள் கூண்டின் வேகமான 9.6 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும். கழற்றிப் பார்க்காமலே பழுது எந்த உறுப்பில் என்று சொல்ல முடிவது இதனால்தான். காதுக்கு எட்டாத நுட்பம் இது.

எந்தப் பட்டையை வடிகட்டுவது என்ற கேள்வி மட்டும் நெடுநாள் மனிதர் கையில் இருந்தது. பட்டையைத் தவறாகத் தேர்ந்தால் நல்ல முறையும் ஒன்றும் காட்டாது. ஜெரோம் அந்தோனி 2006, 2007-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியே கர்ட்டோசிஸ் கணித்து, தட்டுகள் மிகக் கூர்மையாகத் தெரியும் பட்டையைக் கணினியே தேர்ந்தெடுக்கும் கர்ட்டோகிராம் முறை அப்படித்தான் வந்தது. ராண்டலும் அந்தோனியும் 2011-இல் எழுதிய விளக்கக் கட்டுரை இத்துறையின் பாடநூலாகவே பயன்படுகிறது. நம் நாட்டில் டெல்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த டாண்டன், சவுத்ரியுடன் இணைந்து 1999-இல் எழுதிய மதிப்பாய்வு உலகளவில் மேற்கோள் காட்டப்படுவது.

வேகம் சீராக, பழுது ஓரிடத்தில், உணரி அருகில் என்ற நிலைமை இருந்தால், பழுதைக் கண்டுபிடிப்பது இன்று பெருமளவில் தீர்ந்த சிக்கல் என்றே சொல்லலாம். எல்லாப் படிகளும் கணினியிலேயே முடிகின்றன. ஒவ்வொரு படிக்கும் இயற்பியல் காரணம் சொல்ல முடிகிறது.

கற்கும் நிரல்களும் கற்பித்த தரவும்

கடந்த பத்தாண்டுகளில் ஆய்வின் போக்கு ஆழ்நிலைக் கற்றலை நோக்கித் திரும்பியது. அதிர்வுப் பதிவுகளை அப்படியே நிரலுக்குக் கொடுத்து, இது நல்லது, இது பழுது என்று கற்பித்தால் போதும். தாளம், பட்டை, உறை எதையும் மனிதர் சொல்லித்தரத் தேவையில்லை என்பது அதன் வாக்குறுதி. 99 விழுக்காடு, 100 விழுக்காடு துல்லியம் என்று அறிவிக்கும் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. அந்த எண்கள் எப்படி வந்தன என்று அருகில் போய்ப் பார்ப்பது அவசியம்.

இவற்றுள் மிகப் பல அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் ஒரே தரவுத் தொகுப்பை நம்பியிருப்பவை. 2 குதிரைத்திறன் மோட்டார். மேலே கண்ட 6205 பேரிங். மின்பொறியால் அரித்து உண்டாக்கிய 0.007 அங்குலம் முதலான விட்டமுள்ள செயற்கைப் பள்ளங்கள். ஸ்மித்தும் ராண்டலும் 2015-இல் இத்தொகுப்பை முழுவதுமாக ஆராய்ந்தார்கள். சில பதிவுகளில் பழுது முதல் பார்வையிலேயே தெரிகிறது. அவற்றில் வெற்றி பெறுவது எந்த முறைக்கும் பெருமை தராது. வேறு சிலவற்றில் தேர்ந்த முறைகளாலும் பழுதைக் காண முடியவில்லை. இன்னும் சிலவற்றில் பேரிங் பழுதைவிட இயந்திரத் தளர்வின் அறிகுறிகளே மேலோங்கித் தெரிகின்றன.

இன்னும் முக்கியமான குறை, தரவைப் பிரிக்கும் விதம். ஒரே பேரிங்கின் ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, சில துண்டுகளைப் பயிற்சிக்கும் சிலவற்றைத் தேர்வுக்கும் வைத்தால், நிரல் பழுதின் இயல்பைக் கற்க வேண்டியதே இல்லை. அந்தப் பேரிங்கை அடையாளம் கண்டுகொண்டாலே முழு மதிப்பெண். ஆலையில் நாம் சோதிக்கப்போவதோ நிரல் ஒருபோதும் கண்டிராத பேரிங்கை. எனவே பயிற்சிப் பேரிங்குகளும் தேர்வுப் பேரிங்குகளும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. அப்படிப் பிரித்தால் துல்லியம் இறங்குகிறது. ஆனால் அந்த இறங்கிய எண்தான் உண்மை.

ஜெர்மனியின் பாடர்போர்ன் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட தொகுப்பு இந்த வகையில் ஒரு படி மேலானது. 32 பேரிங்குகளில் 6 நல்லவை, 12 செயற்கையாகப் பழுதாக்கியவை, 14 விரைவுபடுத்திய ஆயுள் சோதனையில் உண்மையாகவே பழுதானவை. செயற்கைப் பழுதில் கற்ற நிரல் உண்மைப் பழுதைச் சந்தித்தபோது திறன் கணிசமாகக் குறைந்தது. பேரிங் தானாகக் களைத்துச் செதில் பெயர்வதும் மின்பொறியால் பள்ளம் பறிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சின்சினாட்டி பல்கலைக்கழகத் தொகுப்பு, 2000 சுற்று வேகத்தில் 6000 பவுண்டு சுமையில் பேரிங்குகளைப் பழுதாகும்வரை ஓட்டிப் பதிந்தது. பழுதின் பிறப்பு முதல் முடிவு வரை பார்க்க விரும்புவோர் நாடுவது அதைத்தான்.

கற்கும் நிரல்களால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆயிரக்கணக்கான இயந்திரங்களிலிருந்து இடைவிடாமல் வரும் பதிவுகளில் வழக்கத்துக்கு மாறானதைப் பொறுக்கி எடுப்பதில் அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் பழுது என்று தீர்ப்புச் சொல்லும்போது எந்தத் தாளத்தைக் கண்டு சொல்கிறது என்று காட்ட முடியாத நிரலை, காரணம் சொல்ல முடியாத ஃபிட்டரின் இடத்தில்தான் வைக்க முடியும்.

எச்சரிக்கை வரம்பை யார் வரைகிறார்கள்

கருவி அளக்கிறது, எந்த எண்ணில் மணி அடிக்க வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். தானியங்கிச் சோதனையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. இதை உலகுக்கு உணர்த்தியது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் 2023 பிப்ரவரி 3 இரவு நடந்த ரயில் விபத்து. நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயிலில் 23-ஆவது பெட்டியின் சக்கரப் பேரிங் வெப்பமேறி முறிந்து, 38 பெட்டிகள் தடம்புரண்டன. ஆபத்தான வேதிப்பொருள் தாங்கிய பெட்டிகளும் அவற்றுள் இருந்தன. மக்கள் ஊரைக் காலி செய்ய நேர்ந்தது.

வழியில் தண்டவாளத்தோரம் இருந்த வெப்பக் கண்காணிப்புக் கருவிகள் அந்தப் பேரிங்கை அளக்கத்தான் செய்தன. சுற்றுப்புற வெப்பத்தைவிட முதல் கருவியில் 38 ஃபாரன்ஹீட் பாகை கூடுதல். அடுத்ததில் 103. நிறுவனத்தின் விதிப்படி 170-ஐத் தொட்டால்தான் ரயிலை நிறுத்திப் பார்க்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். 103 வரம்புக்கு உட்பட்டது என்பதால் ரயில் போய்க்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 20 மைல் தாண்டி இருந்த அடுத்த கருவி 253 என்று காட்டி மணியடித்தபோது காலம் கடந்துவிட்டது.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. தவறியது நான்கு இடங்களில். வெப்பம் என்பது பேரிங் பழுதின் கடைசிக் கட்டத்தில் வரும் அறிகுறி. வெளியிலிருந்து அளக்கும்போது உள்ளே எரியும் வெப்பம் முழுவதும் தெரிவதில்லை. கருவிகளுக்கு இடையிலான தொலைவு அதிகம். ரயிலை நிறுத்துவதற்கான வரம்போடு ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக ஒப்பிட்டார்களே தவிர, 38 எப்படி 103 ஆனது என்ற ஏற்றத்துக்காக ரயில் நிறுத்தப்படவில்லை. பேரிங்கின் ஒலியைத் தண்டவாளத்தோரம் பதிந்து, சூடாகும் முன்பே பழுதைக் கண்டறியும் ஒலியியல் கருவிகள் பல நாடுகளில் இருக்கின்றன. இந்திய ரயில்வேயும் அத்தகைய கண்காணிப்பைச் சில இடங்களில் நிறுவியுள்ளது. அவை பரவலாக வேண்டும் என்பதற்கு இந்த விபத்து வலுவான வாதம்.

அப்படியானால் வரம்பைத் தாழ்த்தி வைத்துவிட்டால் போதாதா? போதாது. ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஓர் ஆலையில் 1000 பேரிங்குகள்; அவற்றில் 10 பழுதானவை. நம் சோதனை பழுதானவற்றில் 95 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நல்லவற்றில் 5 விழுக்காட்டைத் தவறாகப் பழுது என்கிறது. கேட்பதற்கு மிக நல்ல சோதனை. ஆனால் மணியடிக்கும் ஏறத்தாழ 60 பேரிங்குகளில் சுமார் 50 நல்லவை! ஆறு முறை இயந்திரத்தைப் பிரித்தால் ஐந்து முறை வீண். சில மாதங்களில் பணியாளர்கள் மணியை நம்புவதையே விட்டுவிடுவார்கள். உண்மையான பழுதுக்கு மணியடிக்கும்போதும் கவனிக்க ஆளிருக்காது. ஆகவே எத்தனை பழுதைப் பிடித்தது என்பதோடு எத்தனை நல்லதைப் பழி சொன்னது என்பதையும் அறிவிக்காத எந்தச் சோதனையையும் புறவயமானது என்று ஏற்பதற்கில்லை.

சோதனை எட்டாத இடங்கள்

வட கடலில் 2009 ஏப்ரல் 1 அன்று ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து 16 பேர் இறந்தார்கள். நார்வேயின் தூரோய் தீவில் 2016 ஏப்ரல் 29 அன்று அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹெலிகாப்டர் விழுந்து 13 பேர் இறந்தார்கள். இரண்டிலும் கியர்பாக்ஸில் மையச் சக்கரத்தைச் சுற்றிவரும் கோள்சக்கரம் ஒன்று களைப்பு விரிசலால் உடைந்து, மேலே சுழலும் சிறகமைப்பே கழன்றது. அந்தப் பற்சக்கரத்தின் உட்புறமே பேரிங்கின் வெளிவளையமாகவும் அமைந்திருந்தது. விரிசல் தொடங்கியது அந்த ஓடுதடத்தில். இரண்டு ஹெலிகாப்டர்களிலும் தானியங்கி அதிர்வுக் கண்காணிப்பு இருந்தது. வரவிருந்த உடைவை அது சொல்லவில்லை. 2009-இல் சில நாட்களுக்கு முன் எண்ணெயில் ஓர் உலோகத் துகள் சிக்கியிருந்தும் அதன் பொருள் விளங்கவில்லை. 2016-இல் அந்த எச்சரிக்கையும் வரவில்லை.

மேற்பரப்பில் பெரிதாகச் செதில் பெயராமல் விரிசல் ஆழத்தை நோக்கிப் போனால், குண்டோ உருளையோ தட்டுவதற்குப் பள்ளமே இருக்காது. தட்டு இல்லையேல் தாளமும் இல்லை. அத்துடன், கோள்சக்கரம் சுற்றிக்கொண்டே நகர்வதால் அதன் அதிர்வு வெளியே நிற்கும் உணரியை அடைவதற்குள் பலமுறை திரிந்துவிடுகிறது. என்வலப் முறை பிறந்ததே ஹெலிகாப்டர் கியர்பாக்ஸுக்காக என்றாலும், அங்கேதான் அதன் எல்லையும் வெளிப்பட்டது.

மெதுவாகச் சுழலும் பெரிய பேரிங்குகள் வேறொரு எல்லை. கிரேனின் திருகு மேடையிலும் காற்றாலையின் முதன்மைத் தண்டிலும் வேகம் குறைவு. தட்டின் ஆற்றலும் குறைவு. 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உலோகம் எழுப்பும் ஒலியுமிழ்வை அங்கே அளக்கிறார்கள். வேகம் மாறும் மின்னணு இயக்கிகளோடு இணைந்த மோட்டார்களிலோ தண்டு வழியே கசியும் மின்னோட்டம் ஓடுதடத்தில் நெருக்கமான வரிவரிப் பள்ளங்களை அரிக்கிறது. ஓரிடப் பள்ளத்துக்காக எழுதப்பட்ட நிரல் இதற்கு அப்படியே பொருந்தாது. வேகம் நிலையாக இல்லாத இயந்திரங்களில் தண்டின் கோணத்தைத் தனியே அளந்து, நேரக்கணக்கைச் சுற்றுக்கணக்காக மாற்றிய பின்பே தாளத்தைத் தேட முடியும்.

எதைக் கேட்க வேண்டும்

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில், பேரிங் சோதனைக் கருவி வாங்கும் ஆலையும், அதைப் பற்றி ஆய்வு எழுதும் மாணவரும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த வேகத்தில், எந்தச் சுமையில், உணரி எங்கே இருந்தபோது அளந்தது? காட்டும் எண் பழுதின் எந்த இயற்பியல் விளைவைத் தொடுகிறது? வரம்பு, அளப்பதற்கு முன்பே எழுதப்பட்டதா, ஏற்றத்தின் வேகத்தையும் அது கணக்கில் கொள்கிறதா? முன்பு காணாத பேரிங்குகளில் எத்தனையைத் தவறவிட்டது, எத்தனையைப் பழி சொன்னது?

நான்காம் கேள்விக்கு விடை கருவிக்குள் இல்லை. கழற்றிய பேரிங்குக்குள் இருக்கிறது. இன்று பெரும்பாலான ஆலைகளில் மணியடித்தால் பேரிங்கை மாற்றுகிறார்கள். பழையது அன்றே குப்பையிலோ காயலான் கடைக்குப் போகும் மூட்டையிலோ விழுகிறது. அது உண்மையில் பழுதாகியிருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மாற்றியபின் அதிர்வு குறைந்தது என்பது சான்றாகாது. புதிய கிரீஸோ, சரியாக இறுக்கிய போல்ட்டோகூட அதைக் குறைத்திருக்கலாம்.

வளையத்தை அறுத்து, கிரீஸைத் துடைத்து, ஓடுதடத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்து, ஐ.எஸ்.ஓ. 15243 வகுத்த ஆறில் எது என்று குறித்து, படம் எடுத்து, கருவி சொன்ன தீர்ப்புக்குப் பக்கத்தில் எழுதிவைக்க அரை மணி நேரம் போதும். வெட்டும் கல் பூட்டிய கிரைண்டரும் கைப்பேசியும் இல்லாத பட்டறை இல்லை. கருவி வெளிவளையம் என்றபோது வெளிவளையத்தில்தான் பள்ளம் இருந்ததா? நல்லது என்றவற்றில் சிலவற்றையும் பராமரிப்பு நாளில் திறந்து பார்த்தார்களா? இப்படி நூறு வரிகள் சேர்ந்த பதிவேடு, எந்த ஆய்வகத் தொகுப்பும் தர முடியாத உண்மையை அந்த ஆலைக்குத் தரும். வரம்பை எங்கே வைப்பது என்பதை விற்பனையாளரின் பரிந்துரை இல்லாமல் அந்தப் பதிவேடே சொல்லும்.

அந்தப் பதிவேட்டை எழுத மிகத் தகுதியானவர்கள், இதுவரை காதால் பேரிங்கைக் கணித்துவந்த ஃபிட்டர்களே. பள்ளத்தைப் பார்த்த மாத்திரத்தில் தூசியால் வந்ததா, துருவால் வந்ததா, சுத்தியல் அடியால் வந்ததா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தானியங்கிச் சோதனை அவர்களை வெளியேற்றுவதற்கான வழியாக இல்லாமல், அவர்கள் அறிவை எழுத்தில் ஏற்றி எல்லோரும் சரிபார்க்கக்கூடியதாக்கும் வழியாக அமைய வேண்டும். ஆலைகளும் ரயில்வேயும் பொறியியல் கல்லூரிகளும் இப்பதிவேடுகளைத் தம்முள் பகிர்ந்துகொண்டால், நம் வெப்பத்தில், நம் தூசியில், நம் மின்சாரத்தில் ஓடும் பேரிங்குகள் எப்படிப் பழுதாகின்றன என்ற தரவு நம்மிடமே உருவாகும். இத்துறைக்கு இன்று புதிய நிரலைவிட அவசரமாகத் தேவைப்படுவது அதுதான்.